தாய்லாந்தில் மாட்டிக்கொண்டால்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது, எப்போது உதவி கேட்பது

சொந்தத்திலோ நட்பிலோ யார் தாய்லாந்து போனாலும் நடுவழியில் வாட்ஸப் அழைப்பு எனக்குத்தான் வரும். டாக்ஸிக்காரர் மீட்டர் போட மாட்டேன் என்கிறார், சைவம் என்று சொல்லியும் சாப்பாட்டில் மீன் வாடை வருகிறது, கோயிலுக்குள் விட மறுக்கிறார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், கோளாறுகள் மாறுவதில்லை. அதனால் எது நடந்தால் எதைப் பார்ப்பது என்று இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் குரலைத் தணியுங்கள். தாய்லாந்தில் சத்தம் போட்டவருக்கு வேலை நடக்காது, எதிரில் இருப்பவர் உதவுவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். நம் ஊரில் கொஞ்சம் குரல் உயர்த்தினால் மேனேஜர் வருவார். அங்கே குரல் உயர்த்தினால் மேனேஜரும் உள்ளே போய்விடுவார்.

எண்களைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்: சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669, சாதாரணப் போலீஸ் 191. 1155இல் ஆங்கிலத்தில் பேசலாம்.

இமிகிரேஷன் கவுண்டரில் ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள்

பதறவேண்டாம், பெரும்பாலும் காகிதக் குறைதான்.

முதலில் டிஜிட்டல் வருகை அட்டை. 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லோரும் தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இதை ஆன்லைனில் நிரப்பியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் வேண்டும், அதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். இதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு, முகவரி '.go.th' என்று முடிகிற குடிவரவுத் துறையின் தளத்துக்கே போங்கள்.

அது இருக்கிறது, அப்படியும் நிறுத்துகிறார்கள் என்றால் திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, கையில் பணம் இந்த மூன்றில் ஒன்றைத்தான் கேட்பார்கள். முதல் இரண்டையும் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போங்கள், விமான நிலைய வைஃபையை நம்பி மெயிலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பணத்துக்கு, ஆளுக்கு 20,000 பாட்டுக்குச் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) சமமான தொகையைக் காட்ட முடிந்தால் போதும். நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய முகவரியும் போன் எண்ணும் எழுத்தில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டில் 6 மாதத்துக்குக் குறைவாகத் தேதி இருந்தால் கவுண்டர் வரைக்கும் போகமாட்டீர்கள், சென்னையிலேயே ஏர்லைன் நிறுத்திவிடும். அங்கே வாதாடிப் பயனில்லை, முன்கூட்டியே புதுப்பிப்பதுதான் வழி.

விசா விஷயத்தில் பழைய யூடியூப் வீடியோவை நம்பாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா இல்லாத நுழைவு தந்தார்கள், ஆனால் இந்த விதி அடிக்கடி கைவைக்கப்படுகிற விதி. டிக்கெட் போடுகிற அன்றே சென்னையில் இருக்கும் தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். அனுமதித்த தேதியைத் தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000.

பையில் இ-சிகரெட் இருந்தால் கதையே வேறு. தாய்லாந்தில் அதைக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் சட்டவிரோதம். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

டாக்ஸிக்காரர் மீட்டர் போட மறுக்கிறார்

எந்த ஊர், என்ன நேரம் என்பதைப் பொறுத்தது இது.

*பாங்காக், சுவர்ணபூமி விமான நிலையம்.* வெளியே வந்ததும் கையைப் பிடித்து இழுப்பவர்களை விட்டுவிட்டு முதல் தளத்துக்கு இறங்கினால் டோக்கன் தரும் இயந்திரம் இருக்கும். டோக்கனில் எந்த வரிசையில் வண்டி நிற்கிறது என்று எண் வரும். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், மேலே விமான நிலையக் கட்டணம் 50 பாட், எக்ஸ்பிரஸ்வே டோல் பயணியின் செலவு. இது மூன்றும் நியாயமான பணம், இதற்குச் சண்டை போடாதீர்கள். டோக்கனை டிரைவரிடம் கொடுத்துவிடாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் எதையாவது மறந்து வைத்தால் அதுதான் ஆதாரம். பெட்டி குறைவாக இருந்தால் டாக்ஸியே வேண்டாம், அடித்தளத்தில் இருக்கும் ஏர்போர்ட் ரயில் லிங்க் அரைமணி நேரத்துக்குள் பயாதாய் நிலையத்தில் விட்டுவிடும், 45 பாட்.

*பாங்காக், மாலை 3இலிருந்து 5 வரை.* வண்டி நிற்கிறது, ஊர் பெயரைக் கேட்டதும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறது. இது உங்களை அவமானப்படுத்துவது இல்லை. பல வண்டிகள் வாடகை வண்டிகள், அந்த நேரத்தில் அடுத்த டிரைவரிடம் ஒப்படைக்க வேண்டும், எதிர்த்திசையில் போக முடியாது. அடுத்த வண்டியை நிறுத்துங்கள், அல்லது பக்கத்து பிடிஎஸ் (தூண்கள் மேல் ஓடும் நகர ரயில்) நிலையத்துக்கு நடந்துவிடுங்கள்.

*முகவரி புரியாததால் மறுக்கிறார்.* இது நிறைய நடக்கும். நாம் ஹோட்டல் பெயரை நம் உச்சரிப்பில் சொல்கிறோம், அவருக்கு அது பெயராகவே கேட்பதில்லை. ஹோட்டல் அட்டையில் தாய் எழுத்தில் முகவரி இருக்கும், செக்-இன் செய்ததும் ஒன்றை எடுத்துப் பர்ஸில் வையுங்கள். இல்லையா, ஹோட்டலுக்குப் போன் போட்டு டிரைவர் காதில் கொடுங்கள்.

*மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார்.* பெரிய கோயில் வாசலிலும் மால் வாசலிலும் நிற்கிற வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். 100 மீட்டர் தள்ளிப்போய் ஓடுகிற வண்டியை நிறுத்துங்கள், அல்லது கிராப், போல்ட் மாதிரி டாக்ஸி ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டுக் டுக்குக்கு மீட்டரே கிடையாது, ஏறும் முன்னே தொகையைப் பேசி முடிக்க வேண்டும்.

*பட்டாயா.* கடற்கரைச் சாலையில் ஷேர் ஆட்டோ மாதிரி ஓடுகிற இருபக்க பெஞ்சு வண்டியில் விலை கேட்டால்தான் சிக்கல். விலை கேட்டால் வண்டியை முழுசாக வாடகைக்குக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு நூறு இருநூறு சொல்வார்கள். பேசாமல் பின்னால் ஏறுங்கள், இறங்கும் இடத்தில் கூரையில் இருக்கும் பட்டனை அழுத்துங்கள், இறங்கிப்போய்ச் சில்லறையைக் கொடுங்கள், பாக்கி எதிர்பார்க்காதபடி சரியான சில்லறையாக.

பணம் அதிகமாகப் பிடுங்கப்பட்டுவிட்டால் வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு தரைப்போக்குவரத்துத் துறையின் 1584க்குச் சொல்லலாம். டிரைவர் மிரட்டினால் அங்கேயே இறங்கி 1155.

"இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கு" என்று ஒருவர் அக்கறையாகச் சொல்கிறார்

பாங்காக் பெரிய அரண்மனைப் பக்கம் நல்ல சட்டை போட்ட, நல்ல ஆங்கிலம் பேசுகிற ஒருவர் வருவார். இன்று பூஜை, மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள், அதற்குள் வேறு கோயில்களைப் பார்த்துவிட்டு வரலாம், இந்த டுக் டுக் 20 பாட்தான் என்பார். அந்த வண்டி கடைசியில் போய் நிற்கும் இடம் ரத்தினக் கற்கள் விற்கும் கடை அல்லது தையல் கடை. இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது, இன்னமும் படித்தவர்களே மாட்டுகிறார்கள், ஏனென்றால் சொல்பவர் அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்.

சரிபார்க்க ஒரே வழி: நடந்துபோய் வாசலைப் பாருங்கள். அரண்மனை காலை 8:30க்குத் திறந்து 15:30 வரை டிக்கெட் தரும், வெளிநாட்டவருக்கு 500 பாட். அரச சடங்கு நாட்களில் மூடுவது உண்டுதான், ஆனால் அதை வாசலில் இருக்கும் சீருடைக்காரர்தான் சொல்ல வேண்டும், தெருவில் போகிறவர் இல்லை. எம்ஆர்டி ரயிலில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கி நடந்தால் இந்த ஆட்களையே பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கல் வாங்கியே விட்டீர்கள் என்றால் கடைக்குத் திரும்பப் போய்ச் சண்டை போடாதீர்கள். ரசீதோடு அன்றைக்கே 1155. கார்டில் கட்டியிருந்தால் அடுத்த நிமிஷமே உங்கள் வங்கிக்கு.

கோயில் வாசலில் நிறுத்திவிட்டார்கள்

பத்தில் ஒன்பது முறை உடைதான். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், ஆண்களுக்கும் இது உண்டு. புடவை, சுடிதார் போட்ட நம் பெண்களுக்குச் சிக்கல் வராது. மாட்டுவது அரைக்கால் சட்டை போட்ட அப்பாக்களும் கையில்லாத பனியன் போட்ட பையன்களும்தான். பெரிய அரண்மனையில் கையில்லாத மேலாடை மீது துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போனால் பல நேரம் ஏற்க மாட்டார்கள், கை வைத்த சட்டையே வேண்டும். கிழிசல் ஜீன்ஸும் இறுக்கமான லெக்கிங்ஸும் அதே கதி. வாசலுக்கு எதிரிலேயே யானை படம் போட்ட தொளதொள பேண்ட் மலிவாக விற்கிறது, வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள், வாசலில் நின்று நியாயம் பேசுவதைவிட அது மலிவு.

உடை சரி, உள்ளே போனபின் சத்தம் போடுகிறார்கள் என்றால் செருப்பு, தொப்பி, கால் இந்த மூன்றைப் பாருங்கள். புத்தர் சிலைக்கு முன் காலை நீட்டி உட்காரக்கூடாது, இரண்டு காலையும் பின்பக்கமாக மடித்து உட்காருங்கள். சம்மணமிட்டால் தவறில்லை, ஆனால் அங்கே ஒருக்களித்து மடிப்பதுதான் மரியாதை. சன்னதி வாசல்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள், இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலைக்கு முதுகைக் காட்டி, தோளில் கைபோட்ட மாதிரி போஸ் கொடுத்து செல்ஃபி வேண்டாம்.

பாங்காக்கில் அம்மனைக் கும்பிட வேண்டும் என்றால் சீலோமில் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே உங்களைவிட அதிகமாகத் தாய் மக்கள் மாலையோடு நிற்பதைப் பார்ப்பீர்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள்.

சிரித்துப் பேசியவர் திடீரென்று முகத்தை இறுக்கிக்கொண்டார்

எனக்கு வரும் அழைப்புகளில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. "அந்த ஹோட்டல்காரங்க ரொம்ப மோசம்" என்றுதான் தொடங்குவார்கள். கொஞ்சம் விசாரித்தால் அரைமணி நேரத்துக்கு முன்னால் ஏதோ நடந்திருக்கும். கீழே இருப்பதை வரிசையாகப் பாருங்கள்.

*குரல்.* மேலே சொன்னதுதான். கோபத்தில் மட்டும் இல்லை, சந்தோஷத்திலும் நாம் சத்தமாகப் பேசுகிறவர்கள். பிடிஎஸ் ரயிலில் பத்துப் பேர் சேர்ந்து உரக்கப் பேசினால் பெட்டியே திரும்பிப் பார்க்கும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஹோட்டல் வராண்டாவில் இரவு 11 மணிக்கும் அப்படியே.

*கை.* ஆளை நோக்கி விரல் நீட்டினீர்களா? பணியாளரைக் கூப்பிட விரலைச் சொடுக்கினீர்களா? உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி வைத்து மெதுவாக அசைத்தால் வருவார்கள்.

*தலை.* குழந்தை அழகாக இருக்கிறது என்று தலையைத் தடவுவது நமக்குப் பாசம். அங்கே தலை உடம்பிலேயே உயர்ந்த இடம், முன்பின் தெரியாதவர் தொடக்கூடாது. குழந்தையைப் பார்த்துச் சிரியுங்கள், போதும்.

*கால்.* எதிர் இருக்கையில் காலைத் தூக்கி வைப்பது, பாதத்தை ஒருவர் பக்கம் காட்டுவது, கீழே உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிப் போவது, காலால் கதவைத் தள்ளுவது. பறக்கும் நோட்டைக் காலால் மிதித்துப் பிடிப்பதும் இதில் சேர்த்தி, எல்லா நோட்டிலும் மன்னர் படம் இருக்கிறது.

*பிக்கு.* பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது, கைக்குக் கையாக எதையும் கொடுக்கக்கூடாது. பஸ்ஸிலோ படகிலோ பிக்கு உட்கார்ந்திருந்தால் பக்கத்து இருக்கையில் ஆண் உட்காரட்டும்.

*பேரம்.* சந்தையில் பேரம் பேசலாம், சிரித்துக்கொண்டே பேசலாம். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்ட பிறகு வேண்டாம் என்று நடந்துபோவதுதான் வலிக்கும். காலையில் கடை திறந்ததும் போனால் இன்னும் கவனமாக இருங்கள். அவர்களும் போணி பார்ப்பவர்கள், முதல் வியாபாரத்தில் வந்த நோட்டைக் கையில் பிடித்துக் கடையில் இருக்கிற சாமான் மேலெல்லாம் தட்டித் தட்டி எடுப்பார்கள், நின்று பாருங்கள்.

*ஹோட்டலில் மட்டும் முகம் மாறுகிறது.* இரண்டு பேருக்குப் பதிவு செய்த அறையில் நான்கு பேர், அறைக்குள் இண்டக்‌ஷன் அடுப்பில் சாம்பார், காலை பஃபேயிலிருந்து டப்பாவில் மதியச் சாப்பாடு, சாதாரண உடையோடு நீச்சல் குளத்தில் இறங்குவது, தடை செய்த அறைக்குள் டுரியான் பழம். இதில் ஏதாவது ஒன்று நடந்திருக்கும். டுரியானுக்குப் பல ஹோட்டல்களில் அபராதமே உண்டு, வாடை திரைச்சீலையில் ஏறினால் போகாது. கூடுதல் ஆளுக்குப் படுக்கை கேட்டுக் காசு கட்டிவிடுங்கள், மற்றது எல்லாம் அத்தோடு சரியாகிவிடும்.

எது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது சுலபம். கைகூப்பிக் கொஞ்சம் தலை குனிந்து "கோ தோட் க்ராப்" என்று ஆண்களும், "கோ தோட் கா" என்று பெண்களும் சொன்னால் முக்கால்வாசி முடிந்தது. மன்னிப்போடு சேர்த்து நோட்டை நீட்டாதீர்கள், அது இன்னும் மோசமாக்கும். கைகூப்புவது நமக்குப் பழகியதுதான், அங்கே உயரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்: சமவயதினருக்கு மோவாய் அருகே, பெரியவர்களுக்கு மூக்கு அருகே, பிக்குவுக்கும் புத்தருக்கும் நெற்றி அருகே. கடைப் பையனும் ஹோட்டல் பணியாளரும் கும்பிட்டால் சிரித்துத் தலையசைத்தால் போதும்.

மன்னிப்பால் சரியாகாத ஒன்று உண்டு. மன்னர், அரசி, பட்டத்து வாரிசு பற்றி இழிவாகப் பேசுவதோ எழுதுவதோ குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவில் வருகிறது, ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருஷம் சிறை. வெளிநாட்டவர் என்ற சலுகை கிடையாது, ஃபேஸ்புக் பதிவும் சேரும். அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பூங்காவிலோ ரயில் நிலையத்திலோ தேசிய கீதம் ஒலித்து எல்லோரும் அப்படியே நின்றால் நீங்களும் நில்லுங்கள். இதில் போலீஸ் வரை போய்விட்டால் நீங்களாக எதையும் விளக்கவேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லி வக்கீல் வரும்வரை பொறுங்கள்.

சைவம் என்று சொல்லியும் மீன் வாடை வருகிறது

சமையல்காரர் ஏமாற்றவில்லை. "இறைச்சி வேண்டாம்" என்றீர்கள், அவர் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டார். மீன் சாஸ், சிப்பி சாஸ், கோழித் தூள் இதெல்லாம் அவருக்கு உப்பு மாதிரி, அது இறைச்சிக் கணக்கில் வராது.

முதலில் சொல்லிப் பாருங்கள்: "கின் ஜே". அப்படிச் சொன்னால் இறைச்சி, மீன், முட்டை, பால், மீன் சாஸ் எதுவும் கூடாது என்று அவருக்குத் தெரியும். வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள், வீட்டில் வெங்காயம் பூண்டு சேர்க்காத பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. "மங்சவிரத்" என்று சொன்னால் முட்டையும் பாலும் வரும், மீன் சாஸ் வந்தாலும் வரலாம்.

அடுத்து, எந்த உணவைக் கேட்டீர்கள் என்று பாருங்கள். பச்சைக் கறி, சிவப்புக் கறியில் காய்கறி மட்டும் போடச் சொல்லிப் பயனில்லை, அந்த மசாலா விழுதிலேயே இறால் விழுது அரைத்திருப்பார்கள். பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாஸும் உலர் இறாலும் சேர்த்துத்தான் இடிப்பார்கள், போட வேண்டாம் என்றாலும் அதே உரலில்தான் இடிப்பார்கள். பாட் தாய் நூடுல்ஸும் அப்படித்தான். எதைக் கேட்கலாம் என்றால், சோயா சாஸில் வதக்கிய கலவைக் காய்கறி "பாட் பாக் ருவாம்", கூடவே "மை சய் நாம் ப்லா", அதாவது மீன் சாஸ் போடாமல். மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அப்படியும் சந்தேகம் போகவில்லை என்றால் கடையை மாற்றுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்ற எண் போலத் தெரிகிற ஓர் எழுத்து, அதுதான் ஜே கடைக்கு அடையாளம். பெரிய மால்களின் உணவுக்கூடங்களில் தேடினால் ஒரு ஜே கடை கிடைத்துவிடுகிறது. அங்கே பல இடங்களில் கவுண்டரில் பணம் கட்டி அட்டை வாங்கி, மிச்சத்தை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வருகிற ஒன்பது நாள் சைவத் திருவிழாவின்போது போனால் புக்கெட்டிலும் பாங்காக் யவ்வராத்திலும் தெருவெல்லாம் மஞ்சள் கொடிதான். சீன நாட்காட்டிப்படி தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

கடைசி வழி பாங்காக்கின் பாஹுரத் பகுதி, இல்லாவிட்டால் மாரியம்மன் கோயில் சுற்றுவட்டாரம். இந்தியச் சாப்பாடு கிடைக்கும், தெருக்கடையைவிடப் பல மடங்கு விலை. வயதானவர்களோடு போனால் புளிக்காய்ச்சலும் தொக்கும் பையில் இருக்கட்டும், வெறும் சோறு எங்கேயும் கிடைக்கும்.

வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர்கள் வாய்வார்த்தையை நம்பவே கூடாது. தாய் மொழியில் எழுதிய அட்டையை ஹோட்டல் வரவேற்பில் கேட்டு எழுதி வாங்கி ஒவ்வொரு கடையிலும் காட்டுங்கள். உதடு வீங்கினால், மூச்சு முட்டினால் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள், 1669.

ஏடிஎம் பணம் தரவில்லை, க்யூஆர் வேலை செய்யவில்லை

தெருவில் இளநீர்க் கடையில்கூட க்யூஆர் இருக்கும். அது தாய்லாந்து வங்கிக் கணக்குகளுக்கானது, நம் ஆப்பில் ஸ்கேன் ஆகும் என்று நம்பிக் கையில் ரொக்கம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஏடிஎம் மறுத்தால் முதலில் வங்கி ஆப்பைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாடு ஆன் ஆகியிருக்கிறதா, தினசரி வரம்பு எவ்வளவு என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் முடிச்சு. அது சரி என்றால் வேறு வங்கி ஏடிஎம்மில் குறைந்த தொகை போட்டுப் பாருங்கள். வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ கட்டணம், எடுப்பதை ஒரே தடவையில் எடுங்கள். ரூபாயில் கணக்குப் போட்டுத் தரவா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம்.

பல இயந்திரங்களில் பணம் முதலில் வரும், கார்டு பிறகு வரும். பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டு நிறையப் பேர் கார்டைத் தொலைக்கிறார்கள். அதனால் வங்கிக் கிளையோடு ஒட்டியிருக்கும் ஏடிஎம்மில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுங்கள். கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்ச் சொல்லலாம்.

காய்ச்சல், வயிறு, கடி

வயிற்றுப்போக்கு என்றால் தெருச் சாப்பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் தண்ணீரை யோசியுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கக்கூடாது, பாட்டில்தான். ஐஸில் நடுவில் துளை உள்ள உருளை வடிவக் கட்டி தொழிற்சாலையில் செய்தது, பயமில்லை. உடைத்த பெரிய கட்டியைத் தவிருங்கள். ஓஆர்எஸ் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ரத்தம் கலந்து போனாலோ, குழந்தை சிறுநீர் கழிக்காமல் துவண்டுவிட்டாலோ மருத்துவமனை.

காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிவு இருந்தால் டெங்குவாக இருக்கலாம். பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கூடாது. ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். காய்ச்சல் விட்ட அன்றைக்கு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

குரங்கோ தெருநாயோ கடித்தால், நகம் கீறினாலும்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி. ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

தனியார் மருத்துவமனைகள் அருமையானவை, பில்லும் அதற்கேற்ற மாதிரி. உயிருக்கு ஆபத்து இல்லை என்றால் சேரும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியின் 24 மணி நேர எண்ணுக்குப் பேசிவிடுங்கள்.

படகு ரத்து, கடலில் சிவப்புக் கொடி

தவறான மாதத்தில் தவறான கரைக்குப் போயிருப்பீர்கள். புக்கெட், கிராபி இருக்கும் அந்தமான் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மறுகரையில் இருக்கும் கோ சமுய் தீவுப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கம் பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஹோட்டலை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். படகில் திரும்பி அன்றைக்கே விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள்.

சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுக்குக்கூட இறங்க வேண்டாம். புக்கெட்டில் இந்த மாதங்களில் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கிறது, நம் ஆட்கள் நீச்சல் தெரியாமலே அலையில் நிற்பவர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இழுத்துப்போனால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் மிதந்தபடி கையை உயர்த்துங்கள், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்துங்கள். பெட்டி ஜெல்லிமீன் பட்டால் தேய்க்காமல் வினிகரை ஊற்றுங்கள், கோ சமுய், கோ பங்கான் கடற்கரைகள் பலவற்றில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். 1669.

ஸ்கூட்டரில் கீறல் என்று பெரிய தொகை கேட்கிறார்கள்

ஜெட் ஸ்கியிலும் இதேதான். எடுக்கும் முன் அவர் கண்ணெதிரிலேயே சுற்றிலும் வீடியோ எடுங்கள், அதிலேயே பாதிப் பிரச்சினை வராது. பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். நகலும் முன்பணமும் ஏற்கிற கடைக்குப் போங்கள். பாஸ்போர்ட் அவர் கையில் இருந்தால் அவர் சொல்வதுதான் விலை. மிரட்டினால் "1155க்குப் போன் போடலாமா" என்று சிரித்தபடி கேளுங்கள், தொகை இறங்கும்; இறங்கவில்லை என்றால் போட்டே விடுங்கள்.

இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விபத்தானால் இன்சூரன்ஸ் பொதுவாகக் கைவிடும். ஆர்டிஓ அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட் காணோம்

ஹோட்டல் லாக்கர், தலையணை உறை, கடைசியாக ஏறிய டாக்ஸி, இந்த வரிசையில் தேடுங்கள். டாக்ஸி என்றால் முன்பு சொன்ன அந்த டோக்கன் உதவும். கிடைக்கவில்லை என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்குங்கள், மொழி தடுத்தால் 1155. அந்தக் காகிதம், பாஸ்போர்ட் நகல், புகைப்படங்களோடு பாங்காக் சுகும்வித் சோய் 23இல் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள், வடக்கே இருந்தால் சியாங் மாயில் துணைத் தூதரகம் இருக்கிறது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் பாங்காக்கில் தூதரகம் உண்டு. உடனே கிளம்ப வேண்டும் என்றால் ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழ் தருவார்கள்.

அதோடு நேராக விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். நீங்கள் நாட்டுக்குள் வந்த பதிவு தொலைந்த பாஸ்போர்ட்டில் இருக்கிறது, அதைப் புது ஆவணத்துக்கு மாற்ற தாய் குடிவரவு அலுவலகம் போக வேண்டும். வார இறுதியில் இரண்டு அலுவலகமும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை தொலைந்தால் டிக்கெட்டைத் தள்ளிப்போட அன்றைக்கே ஏர்லைனுக்குப் போன் போட்டுவிடுங்கள்.